செவ்வாய்க்கிழமை மயிலிட்டிக்கு வராதீர்கள்: கல்விப் பயண ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

இந்த ஆண்டுக்கான உங்கள் நிகழ்ச்சி நிரல் எங்கள் பீடத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இராஜதந்திரமும் தலைமைத்துவமும் படிக்கிற மாணவர்களை இலங்கைக்குக் கூட்டிவருகிறீர்கள். கொழும்புக்குப் பல நாள். பிறகு கண்டி, சிகிரியா, காலி. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பகலும் ஒரு பின்னேரமும். அதுவும் செவ்வாய்க்கிழமை, அதுவும் திரும்ப வடகரை மீன்பிடித் துறைமுகமான மயிலிட்டி. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: யாழ்ப்பாண மாணவர்கள் தன்னார்வலர்களாக விண்ணப்பிக்கலாம், ரீசேர்ட், மதியச் சாப்பாடு, சான்றிதழ் வழங்கப்படும்.

போன வருடமும் இதே வரிதான். நான் விண்ணப்பித்தேன், எடுபட்டேன். ரீசேர்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது. நல்ல துணி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயணம் முடிந்த பிறகு நீங்கள் அனுப்பிய கருத்துப் படிவத்தில், இங்கே எழுதப்போவதில் பாதியை அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை. இந்த வருட நிரலைப் பார்த்தால், அதை யாரும் திறந்து படித்ததாகவும் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வரவேற்பிலிருந்து தொடங்குகிறேன். பெண் பிள்ளைகள் எல்லோரும் சேலையில் வரவேண்டும் என்று முதல் நாள் இரவு செய்தி வந்தது. ஹோட்டல் வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு எல்லாம் ஆயத்தமாக இருந்தன. பஸ் பிந்தி வந்தது. வெயிலில் நின்றோம். வந்தவர்களுக்குப் பொட்டு வைத்தோம், அவர்கள் படம் எடுத்தார்கள். வருகிறவர்களை வரவேற்பதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை, வீட்டுக்கு வந்தால் இதைவிடக் கூடவே செய்வோம். ஆனால் அன்றைக்குத் தட்டோடு நின்றவர்களில் ஒருத்தி இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களைப் பற்றி இறுதியாண்டு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை மீது நிறைவேறிய தீர்மானங்களை, 2015இன் 30/1, 2021இன் 46/1, 2022இன் 51/1 என்று வரிசையாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கள் நெற்றியில் பொட்டு வைத்த பிள்ளை என்ன படிக்கிறாள் என்று வந்தவர்களுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை. ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. அவர்களுக்குப் பயணப் பெட்டி தூக்குகிற வேலை.

பிறகு கலந்துரையாடல். ‘சிறிய நாடுகளும் வெளியுறவுக் கொள்கையும்’ என்பது தலைப்பு. கதவுக்கு வெளியே பதிவு மேசையில் இருந்தபடி கேட்டேன். 1955இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது, தூதரக உறவுகள் பற்றிய 1961இன் வியன்னா உடன்படிக்கை, 1976இல் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாடு என்று பேச்சாளர் நன்றாகவே பேசினார். கேள்வி நேரம் வந்தபோது, ஒலிவாங்கியைக் கொண்டு ஓடித் திரிந்த எங்கள் வகுப்புப் பையன் தானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்றான். 2010இலிருந்து யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. தலைநகரத்துக்கு வெளியே இப்படி ஓர் அலுவலகம் இருப்பது கொழும்பு - டெல்லி உறவில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதுதான் அவனுடைய கேள்வி. வந்திருந்த யாரும் கேட்காத கேள்வி. பங்கேற்பாளர்களுக்கு மட்டுமே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார் நெறியாள்கை செய்தவர். அவன் அடுத்தவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தான். அந்த அடுத்தவர் கேட்டது, யாழ்ப்பாணத்தில் நல்ல நண்டுக் கறி எங்கே கிடைக்கும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். சரி, நண்டுக் கறியும் ஒரு கேள்விதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை ஓடிக் கடக்கிறேன், நீங்களும் அப்படித்தான் கடந்தீர்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த இடம் அது. படியில் வைத்துக் குழுப்படம் எடுத்தீர்கள். உள்ளே போக நேரம் இருக்கவில்லை.

மயிலிட்டிக்கு வருகிறேன். இந்த மடல் அதற்காகத்தான்.

1990இல் சனம் ஓடிய பிறகு 27 வருடம் அந்தத் துறைமுகம் இராணுவத்தின் கையில் இருந்தது. 2017 ஜூலையில்தான் விட்டார்கள். எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளை, நாங்கள் றோலர் என்று சொல்லுகிறவற்றை, இப்போது அங்கேதான் கட்டிவைக்கிறார்கள். இராஜதந்திரம் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வகுப்பறை இந்த நாட்டில் இல்லை, உங்கள் தெரிவு சரியானது. பிழை நாளில் இருந்தது. இராமேசுவரத்து இழுவைப் படகுகள் வழக்கமாகக் கடலுக்கு இறங்குவது திங்கள், புதன், சனி. அந்த இரவுகளில் வலை போட்டால் விடிய வலை இருக்குமா என்பது நிச்சயமில்லை. றோலர் வந்து அறுத்துக்கொண்டு போய்விடும், புது வலைக்குத் திரும்பவும் கடன். அதனால் எங்கள் ஆட்கள் பலர் அந்த இரவுகளில் வீட்டில் இருந்துவிடுவார்கள். எஞ்சிய இரவுகளில்தான் உழைப்பு. செவ்வாய் இரவு தொழில் இரவு.

உங்கள் சந்திப்புக்கு மயிலிட்டி ஆட்கள் மட்டும் வரவில்லை. தீவுப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள், அதில் என் சித்தப்பாவும் ஒருவர். வெளிநாட்டுப் பிள்ளைகள், நாளைக்குப் பெரிய இடங்களுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு எங்கள் பிரச்சினை தெரியட்டும் என்றுதான் வந்தார்கள். நான்கு மணிக்கு என்று சொல்லியிருந்தீர்கள். கதிரை போட்டு, இளநீர் வெட்டிவைத்துக் காத்திருந்தார்கள். படகு இறக்குகிற நேரம் வந்தது, போனது. உங்கள் பஸ் இருட்டுப்படுகிற மைம்மலுக்குத்தான் வந்தது. இறங்கியவர்கள் முதலில் போனது, கட்டிக் கிடந்த றோலர்களைப் படம் எடுக்க. அன்றிரவுத் தொழில் போனதற்கு யாரும் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தோன்றியதா என்றும் எனக்குத் தெரியாது. ஹோட்டலில் பேசியவருக்கு நினைவுச் சின்னமும் ஒரு கடித உறையும் கொடுத்தீர்கள், அந்த உறையைத் தட்டில் வைத்து நீட்டியது நான்தான்.

மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரை நீங்கள் கூட்டிவரவில்லை. நிகழ்ச்சி நிரலில் அப்படி ஓர் ஆளும் இல்லை. கரையில் வைத்து, “உனக்கு ஆங்கிலம் தெரியும்தானே?” என்று என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினீர்கள். ஒரு மாணவி, எந்த நாடு என்று நினைவில்லை, நல்ல கேள்வி கேட்டாள். இரண்டு கரையிலும் ஒரே மொழி பேசுகிறவர்கள்தானே, அரசாங்கங்களை விட்டுவிட்டு நீங்களே நேரடியாகப் பேசித் தீர்த்தால் என்ன என்று. கடற்றொழிலாளர் சங்கத்து ஐயா ஒருவர் பதில் சொல்லத் தொடங்கினார். பேசினோம் பிள்ளை, 2014இல் சென்னையில் பேசினோம், அதே வருடம் கொழும்பில் பேசினோம், 2015இல் திரும்பச் சென்னையில். கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலையைக் கைவிட அவகாசம் தாருங்கள் என்று தமிழ்நாட்டு ஆட்கள் கேட்டார்கள். அவர் இந்த இடத்துக்கு வந்திருந்தார், நான் ஆங்கிலத்தில் பாதிதான் சொல்லியிருந்தேன், பஸ் ஹோர்ன் அடித்தது. இரவு விருந்துக்கு நேரமாகிவிட்டதாம், நடனப் பிள்ளைகள் ஒப்பனையோடு காத்திருக்கிறார்களாம்.

அவர் சொல்ல வைத்திருந்ததில் மிச்சம் இவ்வளவு. 2017இல் இலங்கை சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடைசெய்தது. அதை அமுல்படுத்துவது வேறு கதை. குடாநாட்டுக்குள்ளேயே அந்தத் தொழிலைச் செய்கிற எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், அதையும் அவர் மறைக்க மாட்டார். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்தில் நிம்மதியாக வலை போடலாம். இங்கே பிடிபட்டுச் சிறைக்குப் போகிற இந்தியர்கள் பெரும்பாலும் கூலிக்கு வருகிறவர்கள், படகின் முதலாளி கரையில் இருப்பார். அவர்களை விடுவிக்கச் சொல்லி அங்கே குடும்பங்கள் அழுகின்றன, வலையைக் கேட்டு இங்கே குடும்பங்கள் அழுகின்றன. இரண்டு அரசுகளும் 2016இல் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன. கூட்டம் நடக்கிறது, அறிக்கை வருகிறது, றோலரும் வருகிறது. இதில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு, ஒரு மாநில அரசு ஒரு மத்திய அரசின் வெளியுறவுக் கொள்கையை எவ்வளவு தூரம் இழுக்கும், ஏழைக்கும் ஏழைக்கும் இடையிலான சண்டையை எந்த மேசையில் வைத்துத் தீர்ப்பது என்று உங்கள் மாணவர்கள் அந்தக் கரையில் குந்தியிருந்து இரவு முழுக்க விவாதித்திருக்கலாம். அதற்குத்தான் ஆட்கள் தொழிலை விட்டுவிட்டு வந்தார்கள்.

இன்னொரு விடயம். எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். பயணத்துக்கு முதல் வாரம் உங்கள் இணைப்பாளர் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நல்லிணக்கம் பற்றிய அமர்வுக்கு, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருடைய அம்மாவை ஹோட்டலுக்குக் கூட்டிவர ஒழுங்கு பண்ண முடியுமா, பத்து நிமிடம் பேசினால் போதும், கொஞ்சம் உணர்ச்சியாகப் பேசக்கூடியவராக இருந்தால் நல்லது என்றார். நான் மறுத்துவிட்டேன். அந்த அம்மாமார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் இருந்து போராடத் தொடங்கியவர்கள். ஜனாதிபதிகளுக்கும் தூதுவர்களுக்கும் ஐ.நா. அதிகாரிகளுக்கும் படத்தைக் காட்டிக் காட்டித் தங்கள் கதையைச் சொல்லியவர்கள். பிள்ளை எங்கே என்று தெரியாமலே அவர்களில் பலர் இறந்தும் போனார்கள். சாப்பாட்டுக்கு முந்தின பத்து நிமிடத்தில் அழவைப்பதற்கு அவர்கள் ஆட்கள் இல்லை. அவர்களைக் கேட்க விருப்பமென்றால், அவர்கள் இருக்கிற இடத்துக்கு, அவர்கள் சொல்லுகிற நேரத்துக்குப் போங்கள். உங்களால் அதன் பிறகு என்ன செய்ய முடியும் என்பதையும் முதலே சொல்லுங்கள். ஒன்றும் செய்ய முடியாதென்றால் அதையும் சொல்லுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பின்னேரம்தானே. இனப் பிரச்சினைக்குத் தீர்வு என்று 1985இல் எங்களைப் பற்றிப் பூட்டானின் திம்புவில் பேசினார்கள். 1987 ஜூலை 29இல் இந்தியாவும் இலங்கையும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள், கொஞ்ச நாளில் எங்கள் ஒழுங்கைகளில் இந்தியப் படையின் பீரங்கி வந்தது. 2002இல் தாய்லாந்தின் சத்தஹிப்பில் பேசினார்கள், பிறகு ஒஸ்லோ, 2003இல் ஜப்பானின் ஹக்கோனே, 2006இல் ஜெனீவா. யார் சரி யார் பிழை என்று இங்கே நான் சொல்ல வரவில்லை. அந்த மேசைகளில் நடந்ததன் விளைவோடு வாழ்ந்த சனம் ஒவ்வொரு முறையும் வானொலியில்தான் செய்தி கேட்டது. என் அம்மம்மாவுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் பாடம், ஆனால் அவர் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. நாங்கள் அரசறிவியல் படிக்க வந்ததே, எங்களைப் பற்றி நடக்கிற பேச்சில் எங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்றுதான். நாளைய தூதுவர்களைப் பழக்குகிறோம் என்று சொல்லுகிற உங்கள் பயணமும் எங்களைக் கதவுக்கு வெளியே பதிவு மேசையில்தான் இருத்தியது.

நீங்கள் சொல்லக்கூடிய காரணங்கள் தெரியும், சிலதை அன்றே சொன்னீர்கள். முதலாவது கட்டணம். அதை டொலரில் போட்டிருக்கிறீர்கள். மாதாமாதம் அரசு கொடுக்கிற மகாபொல உதவித்தொகையை வைத்துக்கொண்டு, அறை வாடகையும் சாப்பாடும் பார்க்கிற பிள்ளை அதைக் கட்டுவது நடக்காது. ஆனால் கொழும்பிலிருந்து உங்களோடு வந்த இலங்கை மாணவர்கள் சிலருக்குக் கட்டணச் சலுகை கொடுத்திருந்தீர்கள், அவர்களே எங்களிடம் சொன்னார்கள். அவர்களோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் பெட்டி தூக்கின பையன்களோடு சேர்ந்து தூக்கியதும் அவர்கள்தான். அந்தச் சலுகை இருக்கிறதென்ற அறிவித்தல் எங்கள் பக்கம் வரவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இரண்டாவது ஆங்கிலம். நாங்கள் தமிழ் மொழிமூலம் படிக்கிறோம், எங்கள் ஆங்கிலம் சில இடங்களில் நொண்டும். ஆனால் கரையில் நின்று உங்கள் முழுக் குழுவுக்கும் மொழிபெயர்க்க அந்த ஆங்கிலம் போதுமாக இருந்தது. பங்கேற்பாளராக ஒரு கதிரையில் இருப்பதற்கு மட்டும் எப்படிப் போதாமல் போனது? தவிர, தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. இராஜதந்திரம் கற்பிக்கிற பயணத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புறப்படுவது என்ன ஆயத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது நேரம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, சில மணித்தியாலத்தில் எல்லாம் பார்த்து முடிக்க முடியாதுதான். அதற்கு வழி, பார்ப்பதைக் குறைப்பதில்லை, இருக்கிற நாளைக் கூட்டுவது. சிகிரியாவில் ஒரு நாள் குறைந்தால் கல் எங்கேயும் போகாது.

இனிக் கேட்பவை. யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் அரசறிவியலும் சர்வதேச உறவுகளும் படிக்கிற மாணவர்களை இந்த ஆண்டே முழுப் பங்கேற்பாளர்களாக எடுங்கள். கொழும்பில் தொடங்கி காலி வரைக்கும் முழுப் பயணத்திலும் அவர்கள் இருக்கவேண்டும். கட்டணச் சலுகையை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே நாளில், மூன்று மொழியிலும் அறிவியுங்கள், எந்த அடிப்படையில் தெரிவு செய்கிறீர்கள் என்பதையும் அதிலேயே போடுங்கள். நேர்முகத்தைக் கொழும்பில் மட்டும் வைக்காமல் சூம் வழியாகவும் வையுங்கள்.

யாழ்ப்பாணத்துக்குக் குறைந்தது இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். மயிலிட்டிச் சந்திப்பின் நாளையும் நேரத்தையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேளுங்கள், அவர்கள் சொல்லுவார்கள். சந்திப்புக்காக யாராவது தொழிலை விட்டுவிட்டு வந்தால் அன்றைய உழைப்பைக் கொடுங்கள். ஹோட்டல் பேச்சாளருக்குக் கொடுக்கிறதை மயிலிட்டிப் பேச்சாளருக்கும் கொடுக்கலாம். சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்துங்கள். முடியுமானால் மறுகரையையும் கேளுங்கள். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. அங்கே இருக்கிற மீனவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வருகிற மாணவர், எந்த விரிவுரையிலும் கிடைக்காத ஒன்றைப் படித்திருப்பார். இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடத்துக்காவது திட்டமிடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களை ஹோட்டலுக்கு அழைக்கிற வழக்கத்தை நிறுத்துங்கள். தட்டேந்துவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஹோட்டலில் கேளுங்கள், மாணவர்களைக் கேட்க வேண்டாம்.

போன வருடப் பயணத்தின் முடிவில் உங்கள் மாணவர்கள் வடக்கைப் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்ததாகப் படித்தேன். அதன் பிரதி மயிலிட்டிக்கு வரவில்லை. சங்கத்து ஐயாவின் பாதிப் பதிலை வைத்து அதில் என்ன எழுதினார்கள் என்று அவருக்கும் தெரியவேண்டும், எனக்கும் தெரியவேண்டும். அந்த அறிக்கையைத் தமிழில் அவர்களுக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் அவர்கள் திருத்தித் தருவார்கள், திருத்தத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

தன்னார்வலர் விண்ணப்பம் இந்த மாத முடிவோடு மூடுகிறது. எங்கள் வகுப்பில் பலர் உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பதா என்று முடிவெடுக்கப் போகிறோம். ஆகவே அதற்கு முதல் எழுத்தில் பதில் தாருங்கள். பீடத்து மாணவர் சங்கத்துக்கு ஒரு பிரதி, மயிலிட்டிக் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தமிழில் ஒரு பிரதி.

இப்படிக்கு,
அரசறிவியல் இறுதியாண்டு மாணவி ஒருத்தி,
யாழ்ப்பாணம்